வெனிலினிலிருந்து குர்குமின்: ஆய்வகச் செய்முறை

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமினின் மூலக்கூறு நடுவில் மடித்தாற்போல இருபுறமும் ஒத்திருப்பதால், வெனிலாவின் மணப்பொருளான வெனிலினின் இரண்டு மூலக்கூறுகளை, ஐந்து கார்பன் சங்கிலியான அசிட்டைல் அசிட்டோன் ஒன்றின் இரு முனைகளிலும் இணைத்தாலே அது உருவாகிவிடும். தாளில் எளிதாகத் தெரியும் இவ்வழியில் ஒரு சிக்கல் உண்டு. அசிட்டைல் அசிட்டோனில் மிக எளிதாக வினைபுரிவது முனைக் கார்பன்கள் அல்ல, நடுக் கார்பனே. ஆகவே வெறுமனே கலந்து சூடாக்கினால் வெனிலின் தவறான இடத்தில் சேர்ந்துவிடும். வேதியியலர் பாபோன் 1964-இல் வெளியிட்ட முறை, நடுப்பகுதியைப் போரானோடு பிணைத்து இதைத் தவிர்க்கிறது.

1 கிராம் அசிட்டைல் அசிட்டோனையும் 0.5 கிராம் போரான் ஆக்சைடையும் உலர்ந்த எத்தில் அசிட்டேட்டில் இட்டு, சுமார் 70 டிகிரி செல்சியசில் அரை மணி நேரம் கலக்க வேண்டும். எத்தில் அசிட்டேட் எளிதில் தீப்பற்றும் என்பதால் புகை உறிஞ்சு பெட்டிக்குள், மின் சூடேற்றியில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். பிறகு 3 கிராம் வெனிலினையும், வினையில் உண்டாகும் நீரை ஈர்த்துக்கொள்ள 9 கிராம் ட்ரைபியூட்டைல் போரேட்டையும் சேர்த்து, வினையூக்கியான பியூட்டைல் அமீன் 0.3 கிராமைச் சிறிது எத்தில் அசிட்டேட்டில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஊற்றுவதே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் என்பது என் கணிப்பு.

நான்கு மணி நேரத்தில் கலவை அடர் சிவப்பாக மாறும். முதன்முறை செய்பவர்கள் கெட்டுவிட்டதாக எண்ணி அதைக் கொட்டிவிட வேண்டாம். குர்குமின் இன்னும் போரானின் பிடியில் இருப்பதாலேயே அந்நிறம். (ஆரத்தித் தட்டின் சிவப்பு வேறு வகை, அது சுண்ணாம்பின் காரத்தன்மையால் வருவது.) நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து 60 டிகிரியில் கலக்கினால் பிணைப்பு அறுந்து, மஞ்சள் நிறம் வெளிப்படும்.

குர்குமின் கரைந்துள்ள எத்தில் அசிட்டேட் அடுக்கை (கரிம அடுக்கு) நீரடுக்கிலிருந்து பிரித்து நீரால் மட்டும் கழுவ வேண்டும். காரத்தில் குர்குமின் விரைவாகச் சிதைவதால் சோடாக் கரைசலைத் தொடவே கூடாது. கரைப்பானை நீக்கியபின் மெத்தனாலில் கரைத்து மீண்டும் படிகமாக்கினால் ஆரஞ்சு மஞ்சள் படிகங்கள் கிடைக்கும். கோட்பாட்டளவில் சுமார் 3.63 கிராம் வர வேண்டும்.

அதன் உருகுநிலை 183 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். கடை மஞ்சள் தூளின் எத்தனால் சாற்றை அதே டி.எல்.சி. தகட்டில் (கலவையின் பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மென்படலத் தகடு) அருகே வைத்து ஓட்டினால், சாறு மூன்று மஞ்சள் புள்ளிகளாகப் பிரியும். ஆய்வகத்தில் தயாரித்த குர்குமின் அவற்றுள் மேலே உள்ள புள்ளியின் உயரத்தில் ஒற்றைப் புள்ளியாக நிற்க வேண்டும்.