மூளை ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் பேசுவது எப்படி

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து, செய்யப்போகிற டாக்டரைப் பார்த்துப் பேச வேண்டும். ஓபி வாசலில் கூட்டம் நிற்கும், உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலானவர்கள் "பயப்பட வேண்டாம்ல சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நான் மதுரையில் ஸ்பீச் தெரபிஸ்ட். நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிற மூளை ஆபரேஷன்களில், மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சு பாதிக்கப்படுகிறதா என்று பார்க்க அவரைப் பேச வைப்பது என் வேலைகளில் ஒன்று. டாக்டர் என்ன எதிர்பார்க்கிறார், வீட்டுக்காரர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று இரண்டு பக்கமும் பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

உள்ளே நோயாளியும் இன்னொருவரும் போனால் போதும். மச்சான், சித்தப்பா, பக்கத்து வீட்டு நர்ஸ் என்று ஆறு பேர் போனால் ஆளுக்கொரு கேள்வி, யாருக்கும் பதில் நினைவிருக்காது. கூடப் போகிறவர் நோட்டில் எழுதட்டும். போனில் பதிவு செய்ய வேண்டுமென்றால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, எம்ஆர்ஐ சிடியும் வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து உட்பட. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, இனி முக்கியமான விஷயம். கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஸ்கேனில் கட்டி தெரியும், உங்கள் பிழைப்பு தெரியாது. எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். சின்ன வயதில் பீச்சாங்கையால் எழுதி, அடித்து மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வலதுகைக்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கம். இடதுகைக்காரர்களிடம் அது வலப்பக்கம் இருக்க, அல்லது இரண்டிலும் பங்கு போட்டிருக்க, வாய்ப்பு கூடுதல். பழக்கி மாற்றிய கையை மட்டும் பார்த்தால் டாக்டர் தப்பாகக் கணக்குப் போட்டுவிடுவார்.

அடுத்தது மொழி. ஒரு நெசவாளர் வந்தார். படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் யாரோ 'தமிழ்' என்று போட்டிருந்தார்கள். என்னிடமும் சுத்தமான மதுரைத் தமிழில்தான் பேசினார். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டி ஏதோ சொன்னபோதுதான் சௌராஷ்டிரம் காதில் விழுந்தது. வீட்டுப் பேச்சு, மனக்கணக்கு, பிள்ளைகளைத் திட்டுவது எல்லாம் அதில்தானாம். "கேட்கலையே மேடம், அதான் சொல்லலை" என்றார். பேச்சு எங்கே இருக்கிறது என்று அறிய ஆபரேஷனின்போது மூளையை மின்சாரத்தால் லேசாகத் தூண்டுவார்கள். அப்போது ஒரு மொழி நின்று இன்னொன்று நிற்காத இடங்கள் மூளையில் உண்டு. அதனால் இரண்டு மொழியிலும் சோதிக்க வேண்டியதாயிற்று. எனக்குச் சௌராஷ்டிரம் வராது. அவர் மகளை உட்கார வைத்துப் படங்களுக்கெல்லாம் பெயர் எழுதிக்கொண்டேன். வெளிநாட்டுப் படத்தொகுப்பும் நமக்கு முழுசாக உதவாது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் பாஸ்டன் சோதனையில் இக்ளூவும் (பனிக்கட்டி வீடு) ஹார்ப்பும் (ஒரு நரம்பு வாத்தியம்) வரும். அதைக் காட்டும்போது ஒருவர் திருதிருவென்று முழித்தால், கோளாறு மூளையிலா படத்திலா என்று எப்படித் தெரியும்? என் அட்டைகளில் ஆட்டுக்கல், முறம், பம்பரம் இருக்கின்றன.

அதே நெசவாளர் டாக்டரிடம் சொன்ன இன்னொன்றும் உதவியது. "பாவு நூலைப் பிணைக்க இந்த ரெண்டு விரல் வேணும் சார்" என்று வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினார். ஆபரேஷனின்போது அந்த அசைவையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னோம். "கை நல்லா இருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது.

இனிக் கேள்விகள். "நல்லாயிடுவாரா?" என்றால் "முயற்சி பண்றோம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: ஆபரேஷன் முடிந்த உடனே எது மோசமாகும், அது திரும்பி வருமா, எவ்வளவு நாளில்? எந்த இடம் வந்தால் நிறுத்திவிடுவீர்கள்? இப்போது செய்யாமல் மூன்று மாதம் பார்த்தால் என்ன ஆகும்? கட்டியில் கொஞ்சம் மிச்சம் விட்டுப் பேச்சைக் காப்பதா, பேச்சு கொஞ்சம் போனாலும் முழுசாக எடுப்பதா என்ற கேள்வி வந்தால், அதில் நோயாளியின் விருப்பத்துக்கு இடம் உண்டு. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

"நூற்றில் அஞ்சு பேருக்குக் கை பலவீனம் வரலாம்" என்று சொன்னால், அது தற்காலிகமா நிரந்தரமா, பொதுக் கணக்கா இந்த இடத்துக் கட்டிக்கான கணக்கா என்று கேளுங்கள். கடைசியாக, "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், சரியான்னு பாருங்க சார்" என்று உங்கள் வார்த்தையில் சொல்லிக் காட்டுங்கள். எந்த டாக்டரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பாதி நேரம் "இல்லல்ல, நான் சொன்னது..." என்று தொடங்குவார். கன்சென்ட் படிவத்தில் கையெழுத்து அதற்கப்புறம்தான்.

"அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க" என்று தனியாக வந்து கண்ணைத் துடைக்கும் உறவினர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஒளிப்பதை நான் ஏற்பதில்லை. "எல்லாத்தையும் எம்மகன்கிட்ட சொல்லுங்க, எனக்கு வேணாம்" என்று நோயாளியே டாக்டரிடம் சொன்னால் அது அவர் உரிமை. அவருக்காக மற்றவர்கள் அதை முடிவு செய்யக் கூடாது. விழித்திருந்து செய்யும் ஆபரேஷனில் ஒளிக்கவும் வழியில்லை.

விழிக்க வைத்து, மூளையைத் தொட்டுத் தொட்டுக் கேட்கும் இந்த முறையை கனடாவின் மாண்ட்ரியலில் வளர்த்தெடுத்தவர் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை டாக்டர். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் மூளை நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். ஆகவே, யாரோ உங்கள் தலையில் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம்.

மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கு மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். உள்ளே நான் படத்தைக் காட்டும்போது வெறும் "பம்பரம்" என்று சொல்லக் கூடாது, "இது ஒரு பம்பரம்" என்று சொல்ல வேண்டும். "இது ஒரு..." வரை வந்து பெயர் வராவிட்டால் சொல்லைத் தேடும் இடம். "இது" கூட வராவிட்டால் பேச்சே நிற்கும் இடம். இரண்டும் டாக்டருக்கு வேறு வேறு தகவல். அதனால் வார்த்தை வராவிட்டால் சமாளித்து வேறு ஏதாவது சொல்லிவிடாதீர்கள். விரல் துடிக்கிறது, உதடு மரமரக்கிறது, குமட்டுகிறது, தோள் வலிக்கிறது, எதுவானாலும் அந்த நொடியே சொல்லுங்கள். தூண்டும்போது சிலருக்கு ஃபிட்ஸ் வரும். மூளையின் மேல் ஐஸ்குளிர் சலைன் ஊற்றுவார்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். இதெல்லாம் உங்களுக்கு உண்டா என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் மேசையில் பதறமாட்டீர்கள்.

வீட்டாருக்கு ஒன்று. நெற்றிமடலின் (மூளையின் முன்பகுதி) உள்பக்க மேல்பகுதியில் ஆபரேஷன் என்றால், சிலர் முடிந்த பின் வாயே திறக்காமல், ஒரு பக்கக் கையை அசைக்காமல் கிடப்பார்கள். பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ மீண்டு வரும். "இவருக்கு அப்படி ஆகலாமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். தெரியாததால்தான் ஐசியு வாசலில் சண்டை நடக்கிறது. ஆமாம் இல்லை என்று பதில் சொல்லும்படியான சின்னக் கேள்விகள் கேளுங்கள், காதில் கத்தாதீர்கள். அவருக்குக் காது கேட்கிறது.

எடுத்த கட்டி எந்த வகை என்று சொல்லும் பயாப்ஸி ரிப்போர்ட் டிஸ்சார்ஜ் அன்று பெரும்பாலும் கைக்கு வந்திருக்காது. எந்தத் தேதியில் வரும், யார் சொல்வார்கள், நோயாளியும் வர வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஃபிட்ஸ், காய்ச்சல், காயத்திலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி கசிவு, எழுப்பினாலும் எழாத தூக்கம் இவற்றில் எது வந்தாலும் ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடுவது என்று வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். அந்த நம்பரை அங்கேயே ஒரு முறை அடித்துப் பார்த்து, யாராவது எடுக்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.