கடற்கரை வீட்டு மாடியில் ஃப்ரீ டிஷ் பொருத்துவது எப்படி?

தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு ஏறக்குறைய முழுவதும் நின்றுவிட்டதால், மாடியில் நிற்கும் அலுமினியக் குழாய் ஆன்டெனாவுக்கு இனி வேலை இல்லை. மாதச் சந்தா இல்லாமல் பார்க்க, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் செயற்கைக்கோள் ஒளிபரப்பான டிடி ஃப்ரீ டிஷ் உண்டு. பழைய டியூப் டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள் இருந்தால் போதும்.

60 அல்லது 65 செ.மீ. டிஷ், கேயு-பேண்ட் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி), ஆர்ஜி-6 கேபிள், அதன் இரு முனையிலும் மாட்ட இரண்டு எஃப் கனெக்டர், எம்பெக்-4 வகை செட்டாப் பாக்ஸ் வாங்குங்கள். பழைய ஆன்டெனா கம்பத்திலேயே டிஷ்ஷைக் கட்டிவிடாதீர்கள். காற்றில் அது ஆடும். ஆடினால் படம் போகும். தளத்திலோ கைப்பிடிச் சுவரிலோ ஆங்கர் போல்ட் அடித்து இறுக்குங்கள்.

ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் அது இருக்கும் திசை வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 130 டிகிரி, அதாவது தென்கிழக்கு. கிழக்கே கடலைப் பார்த்து நின்று 40 டிகிரி வலப்பக்கம் திரும்பினால் அதுதான் திசை. உயரம் தொடுவானத்திலிருந்து சுமார் 69 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு மேல். ஆனால் டிஷ் ஆஃப்செட் வகை, அதாவது எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் வகை என்பதால் அதன் முகம் 45 டிகிரி அளவில்தான் சாய்ந்து தெரியும். இது தெரியாமல் வானத்தைப் பார்த்து மல்லாத்திவிட்டுத் தேடுகிறவர்கள் அதிகம். தென்னை மறைக்கிறதா என்று சந்தேகமா? மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணியை ஒட்டி சூரியன் அதே இடத்தில் நிற்கும். அப்போது டிஷ்மேல் தென்னை நிழல் விழுந்தால் சிக்னலும் மறைகிறது.

பாக்ஸை அணைத்துவிட்டே கேபிளை மாட்டுங்கள். அதில் 13 அல்லது 18 வோல்ட் ஓடுகிறது. பிறகு பாக்ஸை இயக்கி, அதன் மெனுவில் அலைவரிசை 11090, வெர்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று போட்டு, சிக்னலின் தரத்தைக் காட்டும் குவாலிட்டி பட்டையைத் திறங்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரெங்த் பட்டையை நம்பவேண்டாம். டிஷ் எங்கே பார்த்தாலும் அது நிரம்பியே நிற்கும். அனலாக்கில் புள்ளிப் படம் மெல்லத் தெளிந்து வழிகாட்டியது. இங்கே அப்படியில்லை: வந்தால் முழுப் படம், இல்லாவிட்டால் கறுப்பு. அதனால் ஒவ்வொரு தடவையும் டிஷ்ஷை விரல் அகலத்துக்கும் குறைவாக நகர்த்தி, மூன்று விநாடி பொறுங்கள். குவாலிட்டி ஏறியதும் போல்ட்டை இறுக்கி, எல்என்பியை இடமும் வலமும் மெல்லத் திருப்பி உச்சத்தில் நிறுத்துங்கள். அதைத் திருப்பாமல் நேராகச் செருகி விட்டுவிட்டால் சிக்னல் குறையும்.

ஆட்டோ ஸ்கேனில் பொதிகையைத் தேடாதீர்கள். 2024 ஜனவரியிலிருந்து அது டிடி தமிழ். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பாக்ஸ் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு வண்ண முறையில் இருக்கும், மெனுவில் PAL முறைக்கு மாற்றுங்கள்.

உப்புக்காற்றுதான் இங்கே பெரிய எதிரி. கனெக்டருக்குள் பச்சைப் பூச்சு ஏறினால் படம் கட்டம் கட்டமாக உடையும். இன்சுலேஷன் டேப் வெயிலில் பிரிந்துவிடும், சிலிக்கோன் சீலன்ட் பூசுங்கள். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைநீர் உள்ளே போகாமல் சொட்டிவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ்ஷின் தாங்குகம்பத்திலும் அதைப் பிடிக்கும் கிளாம்பிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டு டிஷ்ஷைக் கழற்றி வையுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டைக் கோட்டோடு சேர்த்தால் தேடும் வேலை பெரும்பாலும் மிச்சம்.