மொனாஸ்கஸ் சிவப்பு: அரிசி சாயமாகாமல் சாராயமாவது ஏன்?

மொனாஸ்கஸ் பர்பூரியஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்துச் சிவப்பு நிறமி எடுப்பது சீனாவில் பல நூற்றாண்டுப் பழக்கம். நம் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் இதற்கும் உறவில்லை. அதன் சிவப்பு தவிட்டில் இருப்பது. இதை ஆய்வகத்தில் முதன்முறை செய்து பார்ப்பவர்களுக்கு வெளிறிய ஆரஞ்சும் சாராய வாடையும் மிஞ்சுவது சகஜம். பழி விதைப் பூஞ்சையின் மேல் விழும். உண்மையில் பெரும்பாலும் கெடுப்பது தண்ணீர்தான்.

அரிசியைச் சோறாக்கிவிடுவதே தலையாய தவறு. சோற்றில் எடைக்கு 65 சதவீதம்கூட நீர் இருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை சுரக்கும் நொதி மாவுச்சத்தை மளமளவென்று உடைத்துக் குளுக்கோஸைக் குவிக்கும். குளுக்கோஸ் மிகுந்தால் பூஞ்சை நிறமியை விட்டு எத்தனாலின், அதாவது சாராயத்தின், பக்கம் போய்விடும். பருக்கைகளும் ஒட்டிக் கட்டியாகி, உள்ளே காற்று நுழையாது. தொடக்க ஈரம் 30–35 சதவீதம் போதும். அதை அறியத் தராசு ஒன்றே போதும்: 100 கிராம் பச்சரிசியை 8 மணி நேரம் ஊறவைத்து, சல்லடையில் வடித்து நிறுங்கள். 125–135 கிராம் இருந்தால் சரி. கூடினால் துணியில் பரப்பி உலரவிடுங்கள். மேற்கொண்டு நீர் ஊற்றாமல் குடுவையிலிட்டு, பஞ்சடைத்து, 121 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்குவது) செய்யுங்கள். பருக்கை உதிரியாக நிற்க வேண்டும். பிறகு சேர்க்கும் வித்துக் கரைசலும் (பூஞ்சை வித்துகள் கலந்த நீர்) தண்ணீர்தான். 100 கிராமுக்கு 5 மில்லிலிட்டருக்குள் நிறுத்துங்கள். கவுனி போன்ற ஒட்டும் ரகங்கள் வேண்டாம்.

குடுவையைக் கழுத்துவரை நிரப்புவது அடுத்த தவறு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம் போதும், தினம் ஒருமுறை குலுக்க வேண்டும். வெப்பநிலை 30 டிகிரி. ஆனால் வளரும் பூஞ்சை தானே சூடு கிளப்பும். இன்குபேட்டர் (சூட்டை நிலையாக வைக்கும் பெட்டி) காட்டுவது தன் உள்ளறைக் காற்றின் சூட்டை, அரிசிக் குவியலின் சூட்டை அல்ல. 10 முதல் 14 நாளில் பருக்கையை உடைத்தால் நடுவரை சிவந்திருக்க வேண்டும். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் இன்னும் முடியவில்லை.

சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு வந்தால் நைட்ரஜன் தரும் பொருளையும் பி.எச். அளவையும் (அமில-கார அளவு) பாருங்கள். பூஞ்சை முதலில் செய்வது ரூப்ரோபங்டாட்டின், மொனாஸ்கோரூப்ரின் என்ற ஆரஞ்சு நிறமிகளை. இவை நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதியோடு வினைபுரிந்தால்தான் சிவப்பாகும். அம்மோனியம் உப்பைப் போட்டால் அமிலத்தன்மை ஏறி, நிறம் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். மோனோசோடியம் குளுட்டமேட், அதாவது அஜினோமோட்டோ, பி.எச். 6-ஐ ஒட்டி நிற்கும்போது நீரில் கரையும் சிவப்பைத் தரும். ஆனால் அதே குளுட்டமேட், சிட்ரினின் என்ற நஞ்சையும் கூட்டக்கூடும்.

நிறமியின் அளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். உலர்த்திப் பொடித்ததை 70 சதவீத எத்தனாலில் ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டி, மஞ்சளுக்கு 400, ஆரஞ்சுக்கு 470, சிவப்புக்கு 500 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை நிறமாலை ஒளிமானியில் அளக்க வேண்டும். அளவு 1-ஐத் தாண்டினால் நீர்க்கச் செய்து அளந்து, அத்தனை மடங்கு பெருக்குங்கள். வெயில் பட்டால் வெளிறும். பழுப்புக் குப்பியில் வையுங்கள்.

நல்ல சிவப்பு வந்துவிட்டால் உணவில் சேர்க்கலாம் என்று நினைப்பதுதான் ஆபத்தான தவறு. சிட்ரினின் சிறுநீரகத்தைத் தாக்கும் நஞ்சு. இந்தப் பூஞ்சையின் பல ரகங்கள் நிறமியோடு சேர்த்து அதையும் சுரக்கின்றன. 1995-இல்தான் இது உறுதியானது. சமையல் சூட்டில் அது முழுதாக அழியாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த அரிசியால் ஆன துணையுணவுகளில் கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சிட்ரினின் சுரக்காத ரகத்தையே வாங்கினாலும், ஒவ்வொரு முறை விளைந்ததையும் எச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்து அளக்கும் ஆய்வகக் கருவி) சோதித்தாக வேண்டும். சோதனை வசதி இல்லையா? துணிக்குச் சாயமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிட்ரினின் இல்லை என்ற அறிக்கையும் போதாது. 2024-இல் ஜப்பானில் இந்த அரிசித் துணையுணவால் பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டபோது சிக்கியது பியூபெருலிக் அமிலம். உற்பத்தியில் புகுந்த பெனிசிலியம் பூஞ்சை உண்டாக்கியது. ஆகவே நீலமோ பச்சையோ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்து மீதியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். குடுவையைத் திறக்காமல் அப்படியே ஆட்டோகிளேவில் போட்டுவிட்டுக் கொட்டிவிடுங்கள்.