சிலிப்பர் கழன்றால் மூச்சை எண்ணுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் டிரெஸ்ஸராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்தவன் நான். ஒரு தடவை நன்றாக ஏமாந்தேன். செம்பனைக் குலை வெட்டும் பையன் காலையில் வந்து, “ஐயா, சிலிப்பர் காலில் நிக்க மாட்டேங்குது” என்றான். அசதி என்று சத்து ஊசி போட்டு அனுப்பினேன். மறுநாள் லயத்துப் படி ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் மூச்சு மெஷினில் கிடந்தான். கில்லன் பாரே: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கி, கை கால்களை ஓயவைக்கும் நோய்.

நான் கேட்காமல் விட்டதை நீங்கள் முதலில் கேளுங்கள்: போன ஒரு மாதத்தில் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்ததா? அவனுக்குப் பத்து நாள் முன்னால் வேகாத கோழி தின்று வயிறு போயிருந்தது. அந்தக் கோழியோடு உள்ளே போன கம்பைலோபாக்டர் கிருமியின் மேலுறையில் இருக்கும் சர்க்கரை அமைப்பும் நம் நரம்பில் இருப்பதும் அச்சு அசல் ஒன்று. கிருமியை அடிக்க உடம்பு செய்த ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள் ஆள் மாறி நரம்பை அடிக்கிறது. இதைத் தேடிப் பிடித்தவர்களில் ஜப்பானிய டாக்டர் நோபுஹிரோ யூகி முக்கியமானவர். செய்வினை என்று எலுமிச்சம்பழம் சுற்றி நாளைக் கழிக்காதீர்கள்.

அப்புறம் நடையைப் பாருங்கள். பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கம் இழுக்கும். இது பெரும்பாலும் இரண்டு காலிலும் தொடங்கி மேலே ஏறும். குதிகாலில் நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். சிலருக்கு முதலில் கண்தான் இரட்டையாகத் தெரியும்.

ஆளைக் கொல்வது கால் இல்லை, மூச்சு. ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். இருபதைத் தொடாமல் திணறினால் உடனே 999க்கு அடித்து ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். தாண்டினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான், ஆனால் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை நம்பாதீர்கள். நெஞ்சுத் தசை ஓய்ந்த பிறகுதான் அதில் எண் இறங்கும். தண்ணீர் புரையேறினால் வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம்.

முதுகுத்தண்டு நீர் எடுக்கக் கேட்பார்கள், பயப்படாமல் சம்மதியுங்கள். அதில் புரதம் கூடி, வெள்ளை அணுக்கள் கூடாமல் இருப்பதை 1916லேயே பிரான்சில் கண்டு சொன்னார்கள். முதல் வாரத்தில் அது சரியாகவே இருக்கலாம். அதை வைத்து நோய் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். மருந்து இம்யூனோகுளோபுலின், நரம்பு வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்து: உடல் எடை கிலோவுக்கு தினமும் 0.4 கிராம், 5 நாள். இல்லையென்றால் பிளாஸ்மா மாற்றம், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றுவது. இரண்டும் சமம், முதல் இரண்டு வாரத்தில் தொடங்கினால் நல்லது. ஸ்டீராய்டு மாத்திரை வேலைக்காகாது. இம்யூனோகுளோபுலினை இன்னொரு சுற்று ஏற்றச் சொல்லி டாக்டரோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். அதனால் பலன் இல்லை என்று 2021இல் வந்த ஆய்வு காட்டிவிட்டது.

பையன் ஏழு மாதம் கழித்து நடந்தான். இன்றும் பின்வார் வைத்த செருப்புதான் போடுகிறான்.