ஐரோப்பிய ரயில் பாஸ்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், அங்கேயே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில் என இரண்டு பாஸ்கள் உள்ளன. எதை வாங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது குடியுரிமை அன்று, வசிப்பிடமே. 33 நாடுகளில் செல்லும் குளோபல் பாஸைக் கண்டதும் வாங்கிவிடாமல், உண்மையில் எத்தனை நாள்கள் ரயிலேறப் போகிறீர்கள் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். ஒவ்வோர் ஊரிலும் மூன்று நான்கு நாள்கள் தங்குபவர்களுக்கு, ஒரு மாதத்துக்குள் விரும்பிய 5 அல்லது 7 நாள்களில் பயணம் செய்ய அனுமதிக்கும் வகையே போதும். குறிப்பிட்ட காலம் முழுதும் தினமும் பயணிக்க அனுமதிக்கும் தொடர் பாஸ் அவர்களுக்கு வீண்செலவு.

பலரும் கவனிக்கத் தவறுவது முன்பதிவுக் கட்டணத்தைத்தான். பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி, லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் யூரோஸ்டார் போன்றவற்றில், பாஸ் கையிலிருந்தாலும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டியாக வேண்டும். பாஸ் வைத்திருப்போருக்கான இடங்களும் குறைவு என்பதால், கோடையில் அவை விரைவில் தீர்ந்துவிடும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலான பகல் ரயில்களில் இந்தத் தொல்லை இல்லை. வியன்னாவில் மாலை ஏறி மறுநாள் காலை ரோமில் இறங்கும் இரவு ரயிலில், படுக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டென்றாலும், ஏறிய நாள் மட்டுமே பயண நாளாகக் கழியும்.

சுவிட்சர்லாந்தை மட்டும் சுற்றுவதானால், ஏரிப் படகுகளும் நகரப் பேருந்துகளும் அருங்காட்சியக அனுமதியும் அடங்கிய சுவிஸ் டிராவல் பாஸையே பரிந்துரைப்பேன்.