வாடகைக் காரில் மலேசியா: மட்டக்களப்புக் குடும்பங்களுக்கான செய்முறை

மட்டக்களப்பு – கல்முனை றோட்டில் மாட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் கார் ஓட்டிப் பழகியவருக்கு மலேசியாவில் ஓட்டுவது ஒரு பெரிய வேலையே இல்லை. அங்கும் இடப்பக்க ஓட்டம்தான், ஸ்டியரிங் வலப்பக்கம்தான். குடும்பத்தோடு போகிறவர்களை மடக்குவது லைசன்ஸ், கிரெடிட் கார்ட், டோல் கார்ட் ஆகிய மூன்றும்தான். அதனால் அவற்றுக்கே இங்கே அதிக இடம். விசா, விமான டிக்கெட், வந்திறங்கும் முன் நிரப்பும் டிஜிட்டல் படிவம் எல்லாம் டிக்கெட் போடுகிறவரே செய்து தருவார்.

1. சர்வதேச ஓட்டுநர் அனுமதி

முதலில் உங்கள் இலங்கை லைசன்ஸைத் திருப்பிப் பாருங்கள். 'பி' வகுப்பு இருக்க வேண்டும். 'பி1' என்றால் அது முச்சக்கர வண்டிக்கு. அதை வைத்து எந்த நாட்டிலும் கார் எடுக்க முடியாது. பயணத் திகதிக்குள் லைசன்ஸ் காலாவதியாகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சர்வதேச அனுமதிப் புத்தகம். கொழும்பு 3, சேர் மொஹமட் மாக்கான் மாக்கார் மாவத்தையில் உள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுக்க வேண்டும். அசல் லைசன்ஸ், அடையாள அட்டை, பாஸ்போட், போட்டோ எல்லாவற்றையும் பிரதியோடு கொண்டு போங்கள். 1949 ஜெனிவா உடன்படிக்கையின் கீழ் வருகிற புத்தகம் இது. இலங்கை, மலேசியா இரண்டுமே அந்த உடன்படிக்கையில் இருப்பதால் அங்கே செல்லும். அதிகபட்சம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லுபடி. ஆகவே டிக்கெட் உறுதியான பிறகு எடுத்தால் போதும். ஊரிலிருந்து நைட் பஸ்ஸில் போகிறவர்கள் கொழும்பில் உள்ள மற்ற வேலைகளையும் அதே நாளில் வைத்துக்கொண்டால் இன்னொரு பயணம் மிச்சம்.

இணையத்தில் "சர்வதேச லைசன்ஸ், மூன்று வருடம், வீட்டுக்கே வரும்" என்று விற்கிறார்களே, அதற்குக் காசு கட்ட வேண்டாம். வெறும் மொழிபெயர்ப்பு அட்டை அது. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது செல்லுபடியான அனுமதியைத்தான். புத்தகத்தைத் தனியே காட்டியும் பயனில்லை, அசல் லைசன்ஸும் கூடவே இருக்க வேண்டும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதென்றால் இருவருக்கும் புத்தகம் வேண்டும், வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் வர வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டிக் கார் இடிபட்டால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

2. வந்திறங்கிய அன்று கார் எடுக்க வேண்டாம்

இது என் பிடிவாதமான கருத்து. மலேசிய நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். இரவு விமானத்தில் போய், அங்கே காலை 7 மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் உங்கள் உடம்புக்கு அது விடியப்புறம் நாலரை. பின் சீட்டில் பிள்ளைகள் தூங்குவார்கள், ஓட்டுகிறவரும் தூங்குவார்.

கோலாலம்பூருக்குள் காரும் தேவையில்லை. விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயில் இருக்கிறது, பத்துமலை வாசலுக்கே கொமியூட்டர் ரயில் போகிறது. நகரத்தை ரயிலில் பார்த்து முடித்துவிட்டு, வெளியூருக்குப் புறப்படுகிற காலையில் காரை எடுங்கள். இரண்டு மூன்று நாள் வாடகையும் பார்க்கிங் காசும் மிச்சம். வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் புறப்பட வேண்டாம், நகரமே ஊருக்குக் கிளம்பும் நேரம் அது. ஹரிராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளிக்கு முந்திய நாட்களும் அப்படித்தான்.

3. எந்தக் கார்

நான்கு பேரும் இரண்டு பெரிய பெட்டியும் என்றால் பெரோடுவா பெஸ்ஸா. டிக்கி 508 லீற்றர். பார்க்க அழகாக இருக்கிறதென்று மைவியைக் கேட்காதீர்கள், இரண்டாவது பெட்டி பிள்ளையின் மடியில்தான் போகும். ஆறு ஏழு பேர் என்றால் அல்சா. ஆனால் மூன்றாவது வரிசையில் ஆள் இருந்தால் டிக்கியில் கைப்பைகள் மட்டும்தான் வைக்கலாம். அம்மப்பா, அம்மம்மாவோடு ஏழு பேராகப் போகிற குடும்பம் ஆளுக்கொரு சிறு பையோடு புறப்பட வேண்டும், இல்லையென்றால் இரண்டு கார்.

பிள்ளை இருக்கையைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் அங்கே அது சட்டம்: 136 சென்ரிமீற்றர் உயரத்துக்கும் 36 கிலோவுக்கும் குறைந்த பிள்ளைக்கு இருக்கை வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே எடுபடாது. பின் சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும்.

4. டிப்போசிட்

பெரிய சர்வதேச நிறுவனங்கள் ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்ட் கேட்கும். மனைவியின் கார்ட், தம்பியின் கார்ட் எடுபடாது. டெபிட் கார்டைப் பல கவுண்டர்களில் வாங்கமாட்டார்கள். அவர்கள் காசை எடுப்பதில்லை, உங்கள் லிமிட்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். கார் திருப்பிக் கொடுத்துச் சில நாட்களில் அது விடுபடும். அதுவரை அந்தத் தொகையை நீங்கள் தொட முடியாது. ஹோட்டல் செலவையும் அதே கார்டில் நம்பிப் போனால் நடுவழியில் லிமிட் முடிந்துவிடும். புறப்படும் முன் வங்கிக்கு அழைத்து வெளிநாட்டுப் பாவனையைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் காசாக டிப்போசிட் வாங்கும். அதில் தவறில்லை. ஆனால் "பிறகு உங்கள் கணக்குக்கு அனுப்புகிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இலங்கைக் கணக்குக்கு ரிங்கிட் அனுப்புவது அவர்களுக்கும் தலையிடி, உங்களுக்கும் தலையிடி. கார் கொடுக்கும்போதே கையில் காசாகத் தருவார்கள் என்று வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

காரை வாங்கும்போது சுற்றிவர வீடியோ எடுங்கள்: நான்கு ரிம், முன் கண்ணாடி, பம்பரின் அடிப்பக்கம், கடைசியாகப் பெற்றோல் மீட்டரும் ஓடிய கிலோமீற்றரும். டயர், கண்ணாடி, அடிப்பாகம் மூன்றும் சாதாரணக் காப்புறுதியில் பெரும்பாலும் சேராது. எந்த அளவில் பெற்றோல் தந்தார்களோ அதே அளவில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

5. டோல்: இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறார்கள்

நம்ம தெற்கு அதிவேகப் பாதையில் ஏறும்போது துண்டு எடுத்து, இறங்கும்போது காசு கட்டிப் பழகிவிட்டோம். மலேசியாவில் துண்டும் இல்லை, காசு வாங்க ஆளும் இல்லை. 'டச் அண்ட் கோ' என்ற கார்ட் வேண்டும். காரை எடுக்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: கார்ட் காருக்குள் இருக்கிறதா, மீதி எவ்வளவு, கண்ணாடியில் ஆர்.எஃப்.ஐ.டி. ஸ்டிக்கர் (கார்டைத் தொடாமலே டோல் காசைக் கழிப்பது) ஒட்டியிருக்கிறதா.

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஏறும் வாசலில் ஒரு முறை, இறங்கும் வாசலில் ஒரு முறை கார்டைத் தொட வேண்டும். ஏறும்போது தொட்ட அதே கார்டையே இறங்கும்போதும் தொட வேண்டும். கணவர் ஒரு கார்டில் ஏறி, மீதி குறைவென்று மனைவியின் கார்டில் இறங்கப் பார்த்தால் தடுப்புக் கம்பு தூக்காது. அந்த இரண்டாவது கார்ட் எங்கே ஏறியது என்று இயந்திரத்துக்குத் தெரியாதே. ஸ்டிக்கர் உள்ள காரிலும் இதே கதைதான்: கார்டில் ஏறிவிட்டு ஆர்.எஃப்.ஐ.டி. பாதையில் இறங்கினால் கணக்குக் குழம்பும், ஸ்டிக்கரில் போகிற காசும் கார்க்காரரின் கணக்கில்தான் விழும். ஆகவே ஒரு காருக்கு ஒரு கார்ட், போகும் பாதை எப்போதும் 'டச் அண்ட் கோ' என்று எழுதியது. அந்தக் கார்டை ஓட்டுநரின் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.

நகருக்குள் உள்ள பல டோல்களில் ஒரே ஒரு முறை தொட்டால் போதும்.

காசு எவ்வளவு போடுவது? விமான நிலையப் பக்கமிருந்து பினாங்கு போகிற குடும்பம் 100 ரிங்கிட் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் வழியில் கவலை இல்லை. பினாங்குப் பாலத்துக்குத் தனியாக 5.74 ரிங்கிட், அதுவும் தீவுக்குப் போகும்போது மட்டும்; திரும்பி வரும்போது இல்லை. பெற்றோல் நிலையங்களிலும் செவன் இலெவன் கடைகளிலும் காசு ஏற்றலாம். ஒரு வாரப் பயணத்துக்காகப் போனில் ஆப் போட்டு மினக்கெட வேண்டாம், கவுண்டரே சுகம்.

வாசலில் காரை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். தள்ளி நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, பெல்ட்டோடு தொங்கிக்கொண்டு கையை நீட்டுவதுதான் புதியவர்களின் அடையாளம். கம்பு தூக்கவில்லையென்றால் ரிவர்ஸ் எடுக்கவே கூடாது, பின்னால் லொறி நிற்கும். இயந்திரத்தில் உள்ள உதவிப் பட்டனை அழுத்திக் காத்திருங்கள், ஆள் வருவார். இடது ஓரத்தில் ஒடுக்கமாக ஒரு வழி தெரியும், அது மோட்டார் சைக்கிளுக்கு. அதில் காரைக் கொண்டு நுழைய வேண்டாம்.

6. ஓடும்போது

நம்ம அதிவேகப் பாதையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை. அங்கே உண்டு, டோலும் கிடையாது. இடது ஓரத்தில், அவசரப் பாதையை ஒட்டி வேகமாக வருவார்கள். இடதுபக்கம் வெளியேறும்போது நாம் வழக்கமாக முன்னால் போகிற லொறியைத்தான் பார்ப்போம், இடது கண்ணாடியைப் பார்க்கமாட்டோம். அங்கே சிக்னல் போட்டு, இடது கண்ணாடி பார்த்து, தோளுக்கு மேலால் திரும்பியும் ஒரு முறை பார்த்த பிறகே கிறுக வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நெடுஞ்சாலையில் வேக எல்லை 110, சாதாரணப் பெருஞ்சாலையில் 90, ஊருக்குள் 60. பலகையில் குறைத்துப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. கமரா பிடித்தால் தண்டம் கார்க்காரருக்குப் போய், அங்கிருந்து உங்கள் டிப்போசிட்டைத் தேடி வரும். வலது பாதை முந்துவதற்கு மட்டும். பின்னால் வருகிறவர் லைட் அடித்தால் "விலகு" என்று அர்த்தம். ஹோர்ன் அடித்து முந்துகிற நம்ம பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

பச்சைப் பலகை என்றால் நெடுஞ்சாலை, பெரும்பாலும் டோல் இருக்கும். நீலப் பலகை சாதாரண றோட்டு. தெரிந்திருக்க வேண்டிய மலாய்ச் சொற்கள் கொஞ்சம்தான்: சுசூர் கெலுவார் – வெளியேறும் வழி, உத்தாரா – வடக்கு, செலாத்தான் – தெற்கு, லென்சோங்கான் – மாற்றுப்பாதை, அவாஸ் – கவனம், தண்டாஸ் – கழிப்பறை. வழிகாட்ட வேஸ் என்ற போன் ஆப் நல்லது, நெரிசலையும் கமராவையும் முந்தியே சொல்லும். ஆனால் கோலாலம்பூரில் மேம்பாலத்துக்கு மேல் மேம்பாலம் இருப்பதால் எந்தத் தட்டில் போகிறோம் என்று அதுவே குழம்பும். அங்கே முன் சீட்டில் இருப்பவர் பலகையை வாசித்துச் சொல்ல வேண்டும். வழி தவறினால் தவறியதுதான். அடுத்த வெளியேறும் வழிவரை போய்த் திரும்புங்கள்.

கோலாலம்பூர்–பினாங்கு சுமார் 350 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் நாலரை மணித்தியாலத்தில் முடியும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை ஆர் அண்ட் ஆர் என்ற ஓய்விடத்தில் நிறுத்துங்கள். சாப்பாடு, கழிப்பறை, பெற்றோல் எல்லாம் பெரிய ஓய்விடங்களில் இருக்கும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தொழுகை அறையும் அங்கேயே உண்டு.

7. பெற்றோல்

நாமே அடிக்க வேண்டும். முதலில் கவுண்டருக்குப் போய்ப் பம்ப் இலக்கத்தையும் தொகையையும் சொல்லிக் காசு கட்டுங்கள், பிறகு வந்து அடியுங்கள். 50 ரிங்கிட் கட்டி 42க்குத்தான் பிடித்ததென்றால் மீதியைத் திருப்பித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். மஞ்சள் கைபிடி 95, பச்சை 97. வாடகைக் காருக்கு 95 போதும். 2025 செப்டெம்பர் 30 முதல் லீற்றர் 1.99 ரிங்கிட் என்ற 95இன் மானிய விலை மலேசியர்களுக்கு மட்டும், நமக்கு அதைவிடக் கூட. பழைய யூடியூப் வீடியோ பார்த்துச் செலவுக் கணக்குப் போடாதீர்கள்.

8. கேமரன் மலைக்குப் போவதென்றால்

தாப்பா வழி ஒடுக்கம், வளைவும் அதிகம். பிள்ளைகள் சத்தி எடுக்கக்கூடியவர்கள் என்றால் ஈப்போவுக்குப் பக்கத்தில் சிம்பாங் புலாய் வழியாக ஏறுங்கள், றோட்டு அகலம். இறங்கும்போது பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகிப் பிடிப்புக் குறையும். ஒட்டோ கியரில் 'டி'க்குக் கீழே உள்ள நிலைக்கு மாற்றி, என்ஜினே காரைப் பிடித்து வைக்க விடுங்கள். அந்த நிலை எதுவென்று காரை வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

9. இடிபட்டால்

றோட்டோரத்தில் காசு பேசி முடிக்காதீர்கள். படம் எடுங்கள், கார்க்காரருக்கு அழையுங்கள், 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸில் முறையிடுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் காப்புறுதி அசையாது. நீங்கள் அழைக்காமலே வந்து நிற்கிற இழுவை வண்டியில் காரை ஏற்ற விடாதீர்கள். நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் அதை நடத்துகிற பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000, உயிர் ஆபத்தென்றால் 999. குடும்பத்தைக் காருக்குள் இருத்தி வைக்காமல் தடுப்புக் கம்பிக்கு அப்பால் கூட்டிப் போய் நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை (வாசித்தவர்கள் கேட்டவை)

அதே காரில் சிங்கப்பூரோ தாய்லாந்தோ போகலாமா? கார்க்காரரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் முடியாது, பெரும்பாலும் தரவும்மாட்டார்கள். ஜொகூர் பாருவில் காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் கடவுங்கள்.

கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடங்களிலும் 'டச் அண்ட் கோ' கார்டைத் தொட்டுத்தான் பல இடங்களில் உள்ளே போவது. அங்கேயும் உள்ளே போன கார்டிலேயே வெளியே வர வேண்டும். கார்க்காரரின் கார்ட் என்றால் திருப்பிக் கொடுக்கும்போது மீதியைப் படம் எடுத்துக் காட்டுங்கள், சிலர் கழித்துத் தருவார்கள்.