பழைய ஜிப்ஸியைக் காட்டுப்பாதைக்குத் தயாரிப்பது எப்படி?

குறைந்த செலவில் கரடுமுரடான பாதைகளில் சென்று கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோருக்கு, 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய மாருதி ஜிப்ஸி இன்றும் நல்ல தேர்வாகும். ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ள உடலும், நான்கு சக்கர இயக்கத்துடன் வரும், மெதுவாக ஆனால் அதிக இழுவிசையோடு செல்ல உதவும் லோ ரேஞ்ச் கியரும் அதன் பலம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது பெயின்ட்டை அல்ல, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியை. வண்டிக்கு அடியில் படுத்து, அடுக்கிய எஃகுப் பட்டைகளாலான லீஃப் ஸ்பிரிங் சேஸியோடு சேரும் இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு உறுதியாக இருக்கிறது. பொத்தென்று ஒலித்தாலோ துருச் செதில்கள் உதிர்ந்தாலோ, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுவதே நல்லது. 15 ஆண்டுகளைக் கடந்த வண்டியெனில் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் செலவு பிரேக், வீல் பேரிங், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவற்றுக்கு. அடுத்தது தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர்களுக்கு. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் பெரும்பாலும் வீண்பகட்டு என்பதே என் கருத்து. முன்பக்க இரும்புத் தடுப்பான புல் பாரோ இந்தியாவில் தடைசெய்யப்பட்டது.

சுமையேற்றுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். 20 லிட்டர் தண்ணீர் என்றாலே 20 கிலோ. அதைக் கூரைமேல் ஏற்றினால், அகலம் குறைந்த இவ்வண்டி சாய்வான பாதையில் எளிதில் கவிழக்கூடும். ஆகவே கேன்களை முன்னிருக்கைகளுக்குப் பின்னால் தரையோடு வைத்துப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். கூரைமேல் கூடாரமும் படுக்கையும் போதும்.

மணலில் டயர்க் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து ஓட்டலாம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்புவதற்கு, பேட்டரியில் இயங்கும் சிறிய கம்ப்ரசர் ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும்.